காரைக்குடியில் ஒரு டெவலப்பரை இன்டர்வியூ செய்வது எப்படி

"லிங்க்டு லிஸ்ட்டில் சுழல் இருக்கிறதா என்று கண்டுபிடி." ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியைக் காட்டும் சங்கிலி மாதிரிப் பட்டியல்தான் லிங்க்டு லிஸ்ட்; ஒரு கண்ணி பின்னால் போய் முந்தைய கண்ணியையே காட்டினால் அது சுழல். நாலு வருஷம் இந்த ஒரே கேள்வியைத்தான் வேலைக்கு வருகிறவர் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். விடை தெரிந்தவருக்கு ஐந்து நிமிஷ வேலை. ஆமை ஒன்று, முயல் ஒன்று. ஆமை ஒவ்வொரு அடியாகப் போகும், முயல் இரண்டிரண்டு அடியாகத் தாவும். சுழல் இருந்தால் முயல் சுற்றி வந்து எங்காவது ஆமையின் மேல் விழும், இல்லாவிட்டால் லிஸ்ட் முடிந்துபோகும். இதை முன்னால் பார்க்காதவருக்கு, அதுவும் எதிரே மூன்று பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அரை மணி நேரத்தில் தானாகத் தோன்ற வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. என்னையும் சென்னையில் அப்படித்தான் கேட்டார்கள். மாமியாரிடம் பட்டதை மருமகளிடம் காட்டுவது மாதிரி நானும் தொடர்ந்துகொண்டிருந்தேன்.

செக்காலைப் பக்கம் ஒரு மாடியில் எட்டுப் பேர் உட்கார்ந்து கடைகளுக்கு பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர் செய்கிறோம். பலகாரக் கடை, பாத்திரக் கடை, பழைய செட்டிநாட்டு வீட்டை ஹோட்டலாக மாற்றிய இரண்டு இடம், இவ்வளவுதான் எங்கள் உலகம். இன்றுவரை எங்கள் கோடில், அதாவது நாங்கள் எழுதும் நிரலில், ஒரு லிங்க்டு லிஸ்ட்டும் சுழன்றதில்லை.

அந்தக் கேள்விக்குப் பன்னிரண்டு நிமிஷத்தில் பதில் போட்டு எங்களை வாயடைக்க வைத்த ஒரு தம்பியை எடுத்தோம். கெட்டிக்காரப் பையன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மூன்றாவது மாதம், ஒரு கடைக்காரர் வரி விகிதம் மாற வேண்டும் என்று சொன்னதும் நேரே டேட்டாபேஸில் போய் எண்ணை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். பழைய பில்களின் கதி என்ன என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன், நாங்கள் அதைக் கேட்டே பார்க்கவில்லையே. அதே வாரம் வந்த ஒரு பெண்ணை, ஒயிட்போர்டு முன்னால் மார்க்கரைத் திறந்து மூடித் திறந்து மூடி நின்றதால், வேண்டாம் என்று அனுப்பினோம். ஒரு வருஷம் கழித்து ஒரு பாத்திரக் கடைக்கு எங்கள் சாஃப்ட்வேர் விற்கப் போனபோது கடைக்காரர், "எங்களுக்கு ஏற்கெனவே ஒண்ணு ஓடுதுண்ணே, நல்லாத்தான் இருக்கு" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். எடைக்கு விற்பது, எண்ணிக்கைக்கு விற்பது, பழைய பித்தளையை மாற்றிக் கழிப்பது எல்லாம் சுத்தமாக இருந்தது. யார் செய்தது என்று கேட்டேன். அந்தப் பெண்தான்.

அதற்கப்புறம் இன்டர்வியூவைப் பிரித்துப் போட்டுப் புதிதாகக் கட்டினோம். என்னைப் போலச் சின்ன ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு அதைத்தான் இங்கே எழுதுகிறேன். மாதம் ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும் கம்பெனிக்கு இது அப்படியே பொருந்தாது.

முதலில் மூன்று மாத வேலையைத் தாளில் எழுதுங்கள்

ஆள் தேடும் முன்னால் இதைச் செய்யுங்கள். போன மூன்று மாதத்தில் டீம் உண்மையில் என்ன செய்தது என்று கமிட் வரலாற்றை (கோடில் யார், எப்போது, என்ன மாற்றினார் என்ற பதிவு) திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எழுத வேண்டும். நினைவிலிருந்து எழுதினால் நாம் செய்ததெல்லாம் பெரிய வேலையாகத்தான் தோன்றும். எங்கள் பட்டியலில் வந்தது இது: கரண்ட் போனால் பாதி சேமித்த பில் இரண்டாகத் தெரிகிறது. தெர்மல் பிரிண்டரில் தமிழ் எழுத்தின் கொம்பு வெட்டுப்படுகிறது. வரி மாற்றம். ஹோட்டல் ரூம் ஒரே இரவுக்கு இரண்டு பேருக்கு புக் ஆகிறது. ஒருவர் விட்டுப்போன கோடை இன்னொருவர் படித்துப் புரிந்துகொண்டது (இது மட்டும் ஒன்பது நாள்). கடைக்காரரிடம் போனில் பேசி அவர் என்னதான் சொல்கிறார் என்று கண்டுபிடித்தது.

இதில் அல்காரிதம், அதாவது கணக்கைத் தீர்க்கும் படிமுறை, என்று சொல்லும்படி ஒன்றே ஒன்று வந்தது. கவுண்ட்டரில் நிற்கும் பையன்கள் முறுக்கு என்பதை ஆங்கில எழுத்தில் ஐந்து விதமாக அடிக்கிறார்கள், எப்படி அடித்தாலும் சரக்கு திரையில் வர வேண்டும். இரண்டு சொற்களுக்கு நடுவே எத்தனை எழுத்து வித்தியாசம் என்று எண்ணும் பழைய வழி ஒன்று உண்டு, அதை வைத்துத்தான் முடித்தோம். லிங்க்டு லிஸ்ட் கேள்வி மாதிரி இன்டர்வியூப் புதிர் போட்டுப் பழகியவருக்கு அது உடனே தோன்றும், எனக்குத் தோன்ற ஒரு நாள் ஆனது. ஆகவே புதிர் அறிவு வீண் என்று நான் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் இரண்டு நாள் தேவைப்படுவதை வைத்து மொத்த ஆளையும் எடை போட்டுக்கொண்டிருந்தோம், அதுதான் கோளாறு.

புதிர் எதை அளக்கிறது

மூன்றை அளக்கிறது. இந்த மாதிரிப் புதிர்களை ஏற்கெனவே எத்தனை போட்டுப் பார்த்திருக்கிறார், ஆள் பார்க்கும்போது கை நடுங்காமல் இருக்குமா, இவற்றோடு கொஞ்சம் மூளைக் கூர்மையும்.

இரண்டாவதைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. 2020-இல் நார்த் கரோலைனா ஸ்டேட் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 48 மாணவர்களை வைத்துச் செய்தது. ஒரு பிரிவினர் ஒயிட்போர்டு முன்னால், ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, யோசிப்பதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே கணக்கைப் போட வேண்டும். மற்றவர்கள் தனி அறையில் போடலாம். ஆள் பார்க்கப் போட்டவர்களின் செயல்திறன் பாதிக்கும் கீழே போய்விட்டது. அதில் பெண்கள் ஒருவர்கூட ஆள் எதிரே கணக்கை முடிக்கவில்லை, தனி அறையில் உட்கார்ந்த பெண்கள் அத்தனை பேரும் முடித்தார்கள். 48 என்பது சின்ன எண்ணிக்கைதான், அதை வைத்து உலகத்துக்கே சட்டம் போட முடியாது. ஆனாலும் படித்த அன்றைக்கு மார்க்கரைத் திறந்து மூடிய அந்தக் கை எனக்குக் கண்ணில் வந்துகொண்டே இருந்தது.

முதலாவது, அதாவது பழக்கம், நேரம் சம்பந்தப்பட்டது. கடைசி வருஷம் படிக்கும் பையனுக்கு ஹாஸ்டலில் ராத்திரி முழுக்க நேரம், முந்நூறு புதிர் போடுவான். எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள கானாடுகாத்தானுக்கே திரும்பி வந்த ஒருவர் எப்போது போடுவார்? இரண்டு பேருக்கும் ஒரே கேள்வி என்பதால் அது நியாயமாகிவிடாது.

இது ஏதோ என் கண்டுபிடிப்பு இல்லை. சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்ற வகைக் கேள்விகளுக்கு மைக்ரோசாஃப்ட் ஒருகாலத்தில் பேர்போனது. கூகுளில் ஆள் எடுப்பதற்கு அப்போது பொறுப்பாக இருந்த லாஸ்லோ பாக் 2013-இல், விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்கிற மாதிரி மூளைக்கு வேலை கேள்விகளெல்லாம் சுத்த நேர விரயம், கேட்கிறவர் தன்னைப் புத்திசாலி என்று நினைத்துக்கொள்ளத்தான் உதவும் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் அவர் சொன்னது அந்த வகைக் கேள்விகளை மட்டும். கோடிங் புதிர் அப்படியே தங்கிவிட்டது. மேக் கணினி வைத்திருக்கும் டெவலப்பர்கள் பாதிப்பேர் வாயில் வரும் ஹோம்ப்ரூ என்ற கருவியை எழுதிய மேக்ஸ் ஹோவெல், 2015-இல் ட்விட்டரில் பொங்கியதும் இதற்காகத்தான். உங்கள் ஆட்களில் 90 சதவீதம் பேர் நான் எழுதியதைப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் பைனரி ட்ரீயை (இரண்டிரண்டாகக் கிளைவிடும் தகவல் அமைப்பு) போர்டில் தலைகீழாக்கத் தெரியாததால் கூகுளில் என்னை வேண்டாம் என்றுவிட்டார்கள், என்றார்.

புதிருக்கு விடை சரி, கோடும் சரி என்று நினைத்துவிட்ட பிறகும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் பைனரி சர்ச் எல்லோரும் முதல் வருஷமே படிப்பது. ஜாவா மொழியோடு வந்த பைனரி சர்ச்சில் ஒன்பது வருஷம் போல ஒரு பக், அதாவது கோடில் ஒளிந்த தவறு, யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருந்தது. நடுவைக் கண்டுபிடிக்கக் கீழ் எண்ணையும் மேல் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம் இல்லையா, அந்தக் கூட்டல் அந்த வகை எண்ணின் எல்லையான 2,147,483,647-ஐத் தாண்டினால் மைனஸாகிவிடும். நூறு கோடிக்கு மேல் உறுப்புகள் உள்ள அர்ரே, அதாவது பட்டியல், வந்தால்தான் தெரியும். 2006-இல் அதை ஊருக்கெல்லாம் எழுதிச் சொன்ன ஜோஷுவா பிளாக்தான் அந்தக் கோடையே எழுதியவர். எந்த இன்டர்வியூவிலும் அந்தக் கோடுக்கு முழு மார்க் கிடைத்திருக்கும். தவறு தெரிந்த பிறகு அதை ஒளிக்காமல் எடுத்து எழுதினாரே, ஆபீஸில் எனக்குத் தேவைப்படும் குணம் அது. அதைப் போர்டில் எப்படி அளப்பது?

ஆனால் புதிரைத் தூக்கிப்போட்டுவிட்டு அரட்டை அடிக்காதீர்கள்

இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள், நானும் வழுக்கினேன். புதிர் வேண்டாம், சும்மா அரை மணி நேரம் பேசிப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும் என்று ஒரு ஆறு மாதம் ஓட்டினேன். தெரிந்தது என்ன? யார் நன்றாகப் பேசுகிறார், யார் எனக்குப் பிடித்த சாம்பார் சாதக் கடைக்குப் போகிறார். நம்ம ஊரில் இன்னொன்றும் இருக்கிறது: இன்னாருடைய மருமகன், இன்னார் சொல்லி அனுப்பினார், கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க தம்பி. முகத்துக்கு நேரே மறுக்க முடியாது. உண்மையைச் சொன்னால், புதிருக்கு என்னதான் குறை இருந்தாலும் அது மருமகனையும் மற்றவனையும் ஒரே மாதிரி முறைத்துப் பார்க்கும். எந்தக் காலேஜ் என்றும் கேட்காது. புதிர்த் தேர்வைப் பெரிய வியாபாரமாக்கிய ஹேக்கர்ரேங்க் என்ற தளம் திருச்சி என்ஐடியில் படித்த இரண்டு பேர் ஆரம்பித்ததுதான். இங்கே அழகப்பா காலேஜில் படித்துவிட்டு, கேம்பஸுக்குப் பெரிய கம்பெனி வராமல் போனாலும் அந்த மாதிரித் தளங்களில் ஸ்கோர் காட்டி உள்ளே போன பிள்ளைகளை எனக்கே தெரியும். அந்தக் கதவை மூடச் சொல்ல எனக்கு மனசு வராது.

அரட்டை எவ்வளவு மோசம் என்பதற்கு எண்ணே இருக்கிறது. ஆள் எடுக்கும் முறைகளில் எது பின்னாளைய வேலைத் திறனோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பல வருஷ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் வேலையை 1998-இல் ஷ்மிட், ஹன்ட்டர் என்ற இருவர் செய்தார்கள். அதில் வேலையையே மாதிரிக்குச் செய்யவைப்பது 0.54 என்று முதலிடத்தில் இருந்தது (முழுசாக ஒத்துப்போனால் 1, ஒத்தே போகாவிட்டால் 0). 2022-இல் சாக்கெட்டும் கூட்டாளிகளும் அந்தக் கணக்கில் ஊதிவிட்ட இடங்களைத் திருத்திப் போட்டார்கள். வேலை மாதிரி 0.33-க்கு இறங்கியது. எல்லோருக்கும் ஒரே கேள்வி, முன்கூட்டியே முடிவு செய்த மார்க் முறை என்று கட்டுக்கோப்பாக நடத்தும் இன்டர்வியூ 0.42 என்று மேலே வந்தது. மனம்போன போக்கில் பேசுவது 0.19. இவை எல்லா வகை வேலைக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு, சாஃப்ட்வேருக்கு மட்டுமானது இல்லை. ஆனாலும் 0.42-க்கும் 0.19-க்கும் இருக்கிற தூரத்தைப் பார்த்ததும் அரட்டையை விட்டேன். வேலையைக் கொடுத்துப் பாருங்கள், அதையும் ஒழுங்காகக் கொடுத்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் சரிப்படும்.

நாங்கள் கொடுக்கும் வேலை

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியது ஞாபகம் இருக்கும். பொட்டலத்தில் அடைத்து லேபிள் ஒட்டிய காரவகைகளுக்கு 12 சதவீதம் இருந்தது 5 ஆனது. அதற்குச் சில நாள் கழித்து ஒரு பலகாரக் கடை ஆச்சி போன் செய்தார். "தம்பி, இருபதாந் தேதி போட்ட பில்லை இப்ப எடுத்தா வேற தொகை காட்டுதே. ஆடிட்டரு என்னையப் பாத்து ஒரு மாதிரி சிரிக்கிறாரு." பார்த்தால், 250 ரூபாய்ச் சரக்கு, 12 சதவீதத்தில் 30 ரூபாய் வரி, மொத்தம் 280 என்று போட்ட பில். திரும்ப அச்சடித்தால் 262 ரூபாய் 50 காசு. பில்லில் வரித் தொகையைச் சேமிக்காமல், ஒவ்வொரு தடவையும் சரக்குப் பட்டியலில் இருக்கும் இன்றைய விகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். எழுதியது நான்தான்.

எல்லாக் கடைக்கும் சரிசெய்து அனுப்பிய பிறகு, அந்தப் பழைய கோடிலிருந்து நானூறு வரி போல வெட்டி எடுத்து, கடைப் பெயர் எல்லாம் மாற்றி, அதையே கேள்வியாக்கினோம். சரிசெய்த பிறகு என்பதைக் கவனியுங்கள். இன்னும் தீராத பக்கை இன்டர்வியூ என்ற பெயரில் கொடுத்து ஓசியில் வேலை வாங்குவது பச்சைத் திருட்டு. அப்படிச் செய்யும் இடங்கள் உண்டு.

வருகிறவருக்கு ஒரு லேப்டாப், இன்டர்நெட், ஒரு டம்ளர் காப்பி, தனி அறை, ஒன்றரை மணி நேரம். தாளில் ஆச்சி பேசியது அப்படியே அச்சடித்திருக்கும், கூடவே நாலு வேலை. பக் எங்கே என்று கண்டுபிடி. சரிசெய். ஆச்சிக்குப் புரிகிற மாதிரி மூன்று வரி எழுது. எதையெல்லாம் சோதித்துப் பார்க்க நேரமில்லை என்று ஒப்புக்கொள். யாரும் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க மாட்டோம். கூகுள் பார்க்கலாம், ஏஐ கருவியையும் பயன்படுத்தலாம்; வேலைக்கு வந்தால் பயன்படுத்தத்தானே போகிறார்கள், இன்டர்வியூவில் மட்டும் தடுத்து என்ன பிரயோஜனம்.

வரும் விடைகளில் பெரும்பாலும் மூன்று வகை. தேதி 22-க்கு முன்னால் என்றால் 12, பின்னால் என்றால் 5 என்று கோடுக்குள்ளேயே ஒரு இஃப் போடுவது முதல் வகை. இன்றைக்கு ஆச்சி பிரச்சினை தீரும், அடுத்த வரி மாற்றத்தில் இன்னொரு இஃப் முளைக்கும். இது ஒட்டுப்போட்ட வேலை என்று அவரே எழுதிவைத்தால் நான் பாதிக்கு மேல் மார்க் போடுவேன், எழுதாவிட்டால் கால்தான். இரண்டாவது வகையினர் பில் போடும் நேரத்து விகிதத்தைப் பில்லின் ஒவ்வொரு வரியிலும் சேர்த்துச் சேமிப்பார்கள். அப்புறம் ஏற்கெனவே போட்ட பில்களில் அந்த எண் இல்லையே, அவற்றை என்ன செய்வது என்று யோசித்து, எந்தத் தேதியிலிருந்து எந்த விகிதம் என்று ஒரு அட்டவணை வைத்து நிரப்புவார்கள். இது நல்ல வேலை.

மூன்றாவது வகை அபூர்வம். இதுவரை மூன்று பேரைத்தான் பார்த்திருக்கிறேன். 20-ஆம் தேதி வாங்கிய பொட்டலத்தை 25-ஆம் தேதி திருப்பிக் கொண்டுவந்தால் எந்த வரியில் பணம் திருப்புவது, ஆடிட்டரைக் கேட்டுச் சொல்லுங்கள் என்று தாளில் எழுதிவைத்துவிட்டுப் போவார்கள். அதில் ஒருவர் கோடை முழுசாக முடிக்கவே இல்லை. எடுத்துக்கொண்டோம். இன்னொன்றும் அந்தக் கோடில் வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறோம்: பணத்தைத் தசம எண்ணாகவே வைத்திருக்கிறது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று கணினி சொல்லும், அது பில்லில் எங்காவது ஒரு காசாக வந்து கடிக்கும், அதனால் காசாக முழு எண்ணில் வைப்பதுதான் வழக்கம். கேட்காமலே இதைச் சுட்டிக்காட்டுகிறவர் ஏற்கெனவே எங்கோ சூடுபட்டவர் என்று புரிந்துகொள்வேன்.

ஆச்சிக்கு எழுதும் மூன்று வரியை லேசாக நினைக்காதீர்கள். "டேட்டா இன்டெக்ரிட்டி இஷ்யூ காரணமாக" என்று ஆரம்பிப்பவர்கள் இருக்கிறார்கள். "ஆச்சி, பழைய பில்லில் தவறு இல்லை, திரும்ப எடுக்கும்போதுதான் எங்கள் சாஃப்ட்வேர் புது வரியைப் போட்டுவிட்டது, ஆடிட்டரிடம் முதலில் கொடுத்த தாளே சரியானது" என்று ஒரு பெண் எழுதியிருந்தார். எட்டுப் பேரும் படித்தோம். இதைவிடத் தெளிவாக நான் போனில் சொல்லியிருக்கவில்லை.

அதற்கப்புறம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச்சு. அவர் எழுதிய கோடை அவரே விளக்க வேண்டும், பிறகு நான் ஒரு சின்ன மாற்றம் கேட்பேன். ஏஐ எழுதிக் கொடுத்ததைப் படிக்காமல் ஒட்டியவர் இங்கே பத்து நிமிஷத்தில் தடுமாறிவிடுவார், படித்துப் புரிந்துகொண்டு ஒட்டியவருக்கு ஒன்றும் ஆகாது. கடைசியாக, நான் எழுதிய இன்னொரு கோடைக் காட்டி, இதில் என்ன தப்பு என்று கேட்பேன். என் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்பதுதான் அதில் விஷயம்.

ஆத்தங்குடிக் கல் போடுகிற பட்டறைக்குப் போனவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் கலர் குழம்பை ஊற்றி, அதன் மேல் சிமெண்டும் மணலும் போட்டு அமுக்கிக் காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, கண்ணாடியைப் பிரித்தால்தான் பூ விழுந்திருக்கிறதா, கலர் ஒன்றோடொன்று ஓடியிருக்கிறதா என்று தெரியும். வேலை கேட்டு வருகிறவனிடம் பட்டறைக்காரர் சிமெண்டின் வேதியியல் கேட்க மாட்டார், பத்துக் கல் போடச் சொல்லிவிட்டு ஊறவைத்துப் பார்ப்பார்.

மார்க் போடுவது

பேசுவதற்கு முன்னால் எழுதுங்கள். இது ஒன்றுதான் விதி. நாலு தலைப்பு வைத்திருக்கிறோம்: பிரச்சினையைச் சரியாகப் பிடித்தாரா, கோடு அடுத்தவருக்குப் புரியுமா, தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரா, ஆச்சிக்கு எழுதியது. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து நாலு. எதற்கு ஒன்று, எதற்கு நாலு என்பது முதல் ஆள் வரும் முன்பே தாளில் இருக்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு மடித்து வைத்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் முதலாளி நான் "பையன் நல்லாருக்கான்ல" என்றதும் மற்றவர் பேனா தானாக நாலு போடும். பெயரும் காலேஜும் தெரியாமல் கோடை மட்டும் திருத்த முடிந்தால் இன்னும் நல்லது. சிபாரிசோடு வருகிறவருக்கும் இதே தாள், இதே அறை. சிபாரிசு செய்தவரிடம், "எல்லாருக்கும் ஒரு பரீட்சை வச்சிருக்கோம்ணே, தம்பியையும் எழுதச் சொல்லுங்க" என்று சொல்லிவிடலாம். இதில் எனக்குக் கிடைத்த நிம்மதியை அளக்க இன்னும் எண் கண்டுபிடிக்கவில்லை.

புதிரை முழுசாக விடவும் இல்லை. முதல் பத்து நிமிஷம் ஒரு சின்னக் கேள்வி இருக்கிறது: ஒரு மாத பில்களின் பட்டியல் தருகிறோம், அதிகம் விற்ற நாள் எது என்று கண்டுபிடி. 2007-இல் இம்ரான் கோரி என்பவர் எழுதிப் பரவிய ஃபிஸ்பஸ் கேள்வி மாதிரிதான். ஒன்றிலிருந்து நூறு வரை எண்களை அச்சடிக்க வேண்டும், ஆனால் மூன்றின் மடங்குக்குப் பதிலாக ஒரு சொல், ஐந்தின் மடங்குக்குப் பதிலாக ஒரு சொல், இரண்டுக்கும் பொதுவென்றால் இரண்டு சொல்லும் சேர்த்து. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் லூப் எழுதத் தெரியாதவரை ஒன்றரை மணி நேரம் தனி அறையில் உட்காரவைப்பது அவருக்கும் கொடுமை, காப்பிக்கும் நஷ்டம். தேடல் வேகம்தான் முக்கியம் என்கிற வேலைக்கு ஆள் எடுக்கிறீர்கள் என்றால் கடினமான அல்காரிதம் கேள்வியே கேளுங்கள், தப்பில்லை. ஆனால் முதல் இருபது நிமிஷம் தனியாக விட்டுவிட்டு அப்புறம் உள்ளே போங்கள்.

வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செய்யும் வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டோம். இரண்டு மணி நேரம் என்று சொல்லிக் கொடுப்பதை நேரம் இருப்பவர் இருபது மணி நேரம் இழைப்பார், மறுபடியும் ஹாஸ்டல் பையன் கதைதான். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் காசு கொடுங்கள்.

எடுத்த பிறகு

இவ்வளவும் செய்தாலும் ஒரு நாளில் தெரிவது கொஞ்சம்தான். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்த நகரத்தார், ஒரு பையனை எடுத்ததும் பெட்டகச் சாவியைக் கொடுத்துவிடவில்லை. பழைய வாய்ப்பாட்டு நூலான எண்சுவடியில் மாகாணி, முந்திரி என்ற பின்னங்களை எல்லாம் தலைகீழாகச் சொல்லும் பையனாகவே இருந்தாலும், முதலில் பெட்டியடிப் பையன், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதிப் பார்ப்பது. அப்புறம் அடுத்தாள், அதற்கப்புறம்தான் மேலாள். வாய்க்கணக்கு நுழைவுச் சீட்டாக இருந்தது, அவ்வளவுதான். நாங்கள் மூன்று மாதம் முழுச் சம்பளத்தோடு அப்படி வைக்கிறோம். முதல் மாதம் நேரடிக் கடை டேட்டாபேஸில் கை வைக்கும் உரிமை கிடையாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பழைய ஆள் ஒருவர் கூட உட்கார்ந்து அந்த வாரக் கோடைப் படிப்பார். பன்னிரண்டு நிமிஷத் தம்பிக்கு இதைச் செய்திருந்தால் அவனும் நன்றாகவே வந்திருப்பான். இப்போது அவன் வேறு ஊரில் தேடல் சம்பந்தமான வேலையில் இருக்கிறான், அதுதான் அவனுக்குச் சரியான இடமும்கூட.

நாளைக் காலை பல்லவன் ரயிலில் ஏறிச் சென்னைக்கு இன்டர்வியூ போகிறவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால்: நான் என்ன எழுதினாலும் அங்கே புதிர்தான் கேட்கப்போகிறார்கள். அடுத்த தடவைக்கு ஒரு ஆறேழு வாரம், தினம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முந்நூறு போட வேண்டாம், வகைக்கு ஐந்தாறு போட்டால் போதும். அதைவிட முக்கியம், வீட்டில் அக்காவையோ சித்தப்பா மகனையோ எதிரே உட்காரவைத்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போட்டுப் பழகுவது. அவர்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, சும்மா முறைத்துப் பார்த்தால் போதும். கடைசியில் ஏதாவது கேட்கவேண்டுமா என்பார்கள் அல்லவா, அப்போது போன மாதம் உங்கள் டீம் தீர்த்த ஒரு பக்கைச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். சொல்லத் தெரியாமல் முழித்தால் அந்த இடத்தைப் பற்றி உங்களுக்கே ஒரு மார்க் போட்டுக்கொள்ளலாம்.

எங்களுக்கு இப்போது வேறு வேலை வந்துவிட்டது. வரிக் கேள்வி காலேஜ் வாட்ஸாப் குழுவில் சுற்றுகிறது என்று கேள்விப்பட்டேன், போன மாதம் வந்த மூன்று பேர் உள்ளே நுழையும்போதே "ஆச்சி கேள்வியா சார்?" என்றார்கள். கேள்வியை மாற்ற வேண்டும். சீப்புச் சீடை அரைக் கிலோப் பாக்கெட்டை உடைத்து நூறு நூறு கிராமாக விற்றால் ஸ்டாக் மைனஸில் போனது, போன வாரம்தான் தீர்த்தோம், பழைய கோடை எடுத்துவைத்திருக்கிறேன். அதே ஆச்சி கடைதான். பெயரெல்லாம் மாற்றித்தான் கொடுப்போம் ஆச்சி, சம்மதமா என்று கேட்கப் போனேன். "எங்கடைக் கணக்கைப் படிச்சுத்தான் இந்த ஊருப் பிள்ளைக வேலைக்குப் போறாகளா?" என்றார். ஆமாம் ஆச்சி என்றேன். அப்படியென்றால் பாக்கித் தொகையில் ஏதாவது குறையுங்கள் என்று உட்கார்ந்துகொண்டார், ஆயிரம் ரூபாய் குறைத்துவிட்டு வந்தேன்.